ஒத்தைப் பொட்டு, ரெட்டைப் பொட்டு

சிக்னல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் புயல் கதை கேட்டு வராதீர்கள். புயலில் எல்லாருமே தைரியசாலிதான், வேறு வழி கிடையாது. என் சர்வீஸ் முழுவதிலும் உள்ளங்கை வியர்த்துக் கயிறு வழுக்கியது ஒரே ஒரு இடத்தில். அந்த இடத்தில் கடலே இல்லை. அது அரியலூர் ரயில்வே ஸ்டேஷன்.

சிரிக்காதீர்கள். நம் கடற்படையின் தலைமைப் பதவி எப்படி எப்படி மாறி வந்தது என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். பெயர்களையும் வருடங்களையும் உருப்போட்டுத் தேர்வு எழுதிவிடுவீர்கள். ஆனால் அந்தப் பதவி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிற நேரத்தில், கீழே கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற சிக்னல்மேனுக்கு என்ன பாடு என்று எந்த வாத்தியாரும் சொல்ல மாட்டார். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் யுத்த காலத்தில் சேர்ந்தவன். அப்போது கடற்படையின் தலைவருக்கு 'ஃப்ளாக் ஆபீசர் கமாண்டிங்' என்று பெயர். தனக்கென்று ஒரு கொடி பறக்கவிடும் உரிமை உள்ள அதிகாரி என்று அர்த்தம். எங்கள் காலத்தில் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் வைஸ் அட்மிரல்கள். எல்லாரும் வெள்ளைக்காரர்கள். பிறகு சுதந்திரம் வந்தது. அண்ணன் தம்பி சொத்துப் பிரிப்பதுபோலக் கப்பல்களைப் பிரித்து ஒரு பங்கைப் பாகிஸ்தானுக்குக் கொடுத்தோம். பதவியின் பெயரும் 'கமாண்டர்-இன்-சீஃப்' என்று ஆயிற்று. ஆனால் உட்கார்ந்தவர் ரியர் அட்மிரல், முன்பிருந்தவர்களைவிட ஒரு படி கீழே. அவரும் வெள்ளைக்காரர்தான். நம்மவர்களை யாரும் அந்த உயரத்துக்கு ஏறவே விட்டதில்லை. திடீரென்று ஆளைத் தேடினால் எங்கே கிடைப்பார்கள்? எனக்கு அது வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. மறைப்பானேன்.

இனி கொடி. அட்மிரலின் கொடி வெள்ளைத் துணி, குறுக்கும் நெடுக்குமாகச் சிவப்புச் சிலுவை. கம்பத்தை ஒட்டிய பக்கத்தில் சிவப்பு வட்டங்கள். ரியர் அட்மிரலுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக இரண்டு. வைஸ் அட்மிரலுக்கு மேலே மட்டும் ஒன்று. அவருக்கும் மேலே முழு அட்மிரல் ஆகிவிட்டால் வட்டமே கிடையாது. பதவி ஏற ஏற வட்டம் குறையும், இதுதான் கணக்கு. பம்பாய் சிக்னல் பள்ளியில் நாங்கள் தமிழ்ப் பையன்கள் அதற்குப் 'பொட்டு' என்று பெயர் வைத்தோம். ஒத்தைப் பொட்டு, ரெட்டைப் பொட்டு. வாத்தியார் முன்னாலேயே பேசிக்கொள்வோம், அவருக்கு ஒன்றும் புரியாது.

அட்மிரல் கப்பலிலோ முகாமிலோ கால் எடுத்து வைக்கும்போது அவர் கொடி விரிய வேண்டும். ஒரு பொட்டு கூடினாலோ குறைந்தாலோ அவரைப் பேர் மாற்றிக் கூப்பிட்டதற்குச் சமம். மற்றவன் செய்தால் கவனக்குறைவு என்று திட்டுவார்கள். நான் செய்தால் கதையே வேறு. நாற்பத்தாறில் பம்பாயில் மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அதில் நானும் இருந்தேன். அதில் எனக்கு வெட்கம் கிடையாது, இன்றைக்குக் கூப்பிட்டாலும் போவேன். நிறையப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். என்னை வைத்துக்கொண்டார்கள், ஆனால் ஒரு கண் எப்போதும் என்மேல் இருந்தது. "இன்னொரு தடவை உன் பெயர் காதில் விழுந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்கள். சுதந்திரம் வந்த பிறகும் அந்தப் பேச்சை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. தலைவருக்குத் தப்புக் கொடி ஏற்றினால் வேண்டுமென்றே அவமதித்தான் என்றுதான் எழுதுவார்கள். எனக்கோ அந்த உடுப்பு உயிர். சிக்னல்காரர்களுக்குத் தலைவன் மாதிரியான 'யோமன்' ஆகிவிட வேண்டும் என்று கனவு கண்டுகொண்டிருந்தவன் நான்.

சுதந்திரம் வந்து ஒரு வருடம் ஆகப்போகிற நேரம். கடற்படைக்கு ஆள் எடுக்க ஒரு குழுவை அரியலூருக்கு அனுப்பினார்கள். நான் செந்துறைப் பக்கத்து ஆள், பாஷை தெரியும் என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். குழுவுக்குத் தலைவர் ஒரு லெப்டினன்ட். பஞ்சாபி. பிரிவினையில் லாகூர்ப் பக்கத்து ஊரை விட்டுக் கட்டிய துணியோடு வந்தவர் என்று சொல்லிக்கொண்டார்கள். கடுகடுவென்று இருப்பார், ஆனால் நேர்மையான மனுஷன். ஸ்டேஷனை ஒட்டிய பொட்டலில் கூடாரம் போட்டு, கம்பம் ஒன்று நட்டோம். செந்துறையிலிருந்து பஸ்ஸிலும், குரும்பலூரிலிருந்து கட்டுச்சோற்றோடு நடந்தும் பையன்கள் வந்தார்கள். கடலைக்கொல்லையைத் தவிர வேறெதையும் பார்க்காத பிள்ளைகள். 'கடலு எம்மாம் பெருசா இருக்குங்க?' என்று ஒருத்தன் கேட்டான்.

அந்தச் சமயத்தில் தந்தி வந்தது. கமாண்டர்-இன்-சீஃப் தெற்கே சுற்றுப்பயணம் வருகிறார், மறுநாள் காலை அவர் போகிற ரயில் என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க அரியலூரில் நிற்கும்போது இறங்கி முகாமைப் பார்ப்பார் என்று செய்தி. லெப்டினன்ட் தந்தியை ஒரு கையிலும் பத்திரிகையை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். பத்திரிகையில், கமாண்டர்-இன்-சீஃப் பதவிக்குப் புதியவர் ஒருவரை நியமித்திருக்கிறார்கள், அவர் வைஸ் அட்மிரல் என்று போட்டிருந்தது.

அவர் பேசியது இங்கிலீஷ். நான் தமிழில் சொல்கிறேன். "நம்மிடம் இருக்கிற கொடி எது?"

"ரியர் அட்மிரல் கொடி சார். தலைவர் வந்தால் இருக்கட்டும் என்று மதராஸில் கொடுத்தனுப்பியது அது ஒன்றுதான்."

"வருகிறவர் வைஸ் அட்மிரல். கீழே இருக்கிற வட்டத்தைப் பிரித்து எடுத்துவிடு. சரியாகிவிடும்."

யோசித்துப் பாருங்கள் தம்பிகளே. துணியைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. ரெட்டைப் பொட்டில் ஒன்றை எடுத்தால் ஒத்தைப் பொட்டு. ஆனால் எனக்கு எங்கேயோ இடித்தது. நியமித்தார்கள் என்றால் பொறுப்பு ஏற்றுக்கொண்டார் என்று ஆகாது. கல்யாணம் நிச்சயம் ஆன அன்றைக்கே பெண் புக்ககம் போய்விடுவதில்லையே. பழையவர் கடைசியாக ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கிளம்பியிருந்தால்? தந்தியில் பதவியின் பெயர்தான் இருந்தது, ஆளின் பெயர் இல்லை. இதைச் சொன்னேன்.

"சந்தேகமாக இருந்தால் பெரிய கொடியை ஏற்று. ரியர் அட்மிரலை வைஸ் அட்மிரல் என்று கூப்பிட்டால் சிரிப்பார். வைஸ் அட்மிரலைக் கீழே இறக்கினால் நம் இருவர் தலையும் போகும். அதிலும் உன் தலை முதலில் போகும்" என்றார். என் பழைய கதை அவருக்குத் தெரிந்திருந்தது. தந்தி கொடுத்துக் கேட்கலாமா என்றேன். கேட்டுப் பதில் வருவதற்குள் ரயிலே வந்துவிடும் என்றார். அதுவும் நியாயம்தான். கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

என் மனைவி பாக்கியம் அப்போது அவள் அப்பா வீட்டில் இருந்தாள். ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரம். தையல் வேலை அவள் கைக்கு அப்படி வரும். மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிவிட்டு வந்தவளிடம் கொடியை நீட்டினேன்.

"இதுல கீழ இருக்கற பொட்ட மட்டும் பிரிச்சு எடுத்துடு. தச்ச எடம் தெரியக் கூடாது."

விரித்துப் பார்த்தாள். "எதுக்குங்க எடுக்கணும்?"

"புதுசா வர்றவரு இன்னும் பெரிய ஆபீசரு. அவருக்கு ஒரு பொட்டுதான்."

"பெரிய ஆபீசருன்னா கூடத்தானே இருக்கணும்?"

"கப்பல்ல அப்படி இல்ல. மேல போகப் போகக் கொறயும். கடைசில ஒண்ணுகூட இருக்காது."

ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். "அதென்னங்க உத்தியோகம்? மேல போகப் போகப் பொட்டு அழியுதா?"

"அடியே, நாங்க சும்மா வச்ச பேருடி அது. வெள்ளக்காரன் அதப் பொட்டுன்னா சொல்றான்?"

"வெள்ளக்காரன் என்ன வேணாலும் சொல்லிட்டுப் போறான். நீங்க பொட்டுன்னுதானே சொன்னீங்க. செவப்பா வட்டமா வச்சிருக்கற பொட்ட நான் பிரிச்சு எடுக்கணுமா? நீங்க கடல்ல கெடக்கறவரு. நீங்க போனதுலேர்ந்து திரும்பி வர்ற வரைக்கும் என் வயித்துல நெருப்பு. நான் இங்க ஒக்காந்து பொட்டு பிரிக்கணுமா? என் கையால நடக்காது. போங்க."

எனக்கோ கோபம் தலைக்கேறியது. மறுநாள் என் பிழைப்பு இருக்கிறதா போகிறதா என்று நான் தவித்துக்கொண்டிருக்கிறேன், இவள் சகுனம் பார்க்கிறாள். கத்திரிக்கோலை எடுத்தேன், நானே பிரித்துவிடலாம் என்று. அதைக் கையிலிருந்து பிடுங்கி இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"எங்க வூட்டுக் கத்திரில வேணாம். ஒத்தப் பொட்டுக் கொடிதானே வேணும்? புதுசா ஒண்ணு தச்சுத் தரேன். இதத் தொடாதீங்க."

துணிக்கு எங்கே போவது? கடையில் துணி கிடைப்பதே பெரும்பாடாக இருந்த காலம். பாக்கியம் யோசிக்கவே இல்லை. தீபாவளிக்கு அவள் அப்பா எனக்கு எடுத்துக் கொடுத்து, நான் ஒரே ஒரு தடவை கட்டியிருந்த வேட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். "ஐயையோ, அது நல்ல வேட்டி" என்றேன். "வேல முக்கியமா, வேட்டி முக்கியமா?" என்று டர்ரென்று கிழித்தாள். சிவப்புக்கு அவளுடைய பாவாடை. கெட்டிச் சாயம், துவைத்துத் துவைத்தும் வெளுக்காதது. அதையும் கிழித்தாள். பித்தளைத் தம்ளரைக் கவிழ்த்து வைத்து, அடுப்புக்கரியால் சுற்றிக் கோடு போட்டு, பொட்டை வெட்டினாள். நம் நாட்டுக் கடற்படைத் தலைவருக்கான கொடி, அரியலூரில் ஒரு மத்தியானப் பொழுதில், என் வேட்டியிலும் என் சம்சாரத்தின் பாவாடையிலுமாக உருவாயிற்று. பெருமைக்குத்தான் சொல்கிறேன், கடற்படைக் கிடங்கில்கூட அவ்வளவு நேரான தையலை நான் பார்த்ததில்லை.

தைத்துக்கொண்டே கேட்டாள். "இப்ப வர்றவரும் வெள்ளக்காரருதானா?"

"ஆமா."

"சொதந்தரம் வந்துருச்சுன்னு ஊரெல்லாம் முட்டாயி குடுத்தாங்களே. அந்த நாக்காலில நம்மாளு எப்பங்க ஒக்காருவாரு?"

"வருவாங்க. கொஞ்சம் நாளாவும்."

"வந்தா அவருக்கு எத்தன பொட்டு?"

"வைஸ் அட்மிரலா வந்தா ஒண்ணு."

"அப்ப இது அவருக்கும் ஆவும்" என்று சொல்லி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை லெப்டினன்ட் முகம் மழித்துக்கொண்டிருந்தார். இரண்டு கொடிகளையும் கொண்டுபோய் வைத்தேன். பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது. பிரிக்கச் சொன்னேனா, புதிதாகத் தைக்கச் சொன்னேனா என்று கத்தினார். உத்தரவை மீறுவது உனக்குப் பழக்கமாகவே போய்விட்டதா என்று அந்தப் பழைய புண்ணையும் கிளறினார். பொய் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நாங்கள் அந்த வட்டத்துக்கு என்ன பெயர் சொல்வோம், அந்தப் பெயரைக் கேட்டு என் மனைவி ஏன் பிரிக்க மாட்டேன் என்றாள் என்று சொன்னேன்.

கத்தியபடி இருந்தவர் சட்டென்று நின்றார். பாதி முகத்தில் சோப்பு நுரை. அவர் குடும்பத்தில் பிரிவினை என்னென்ன செய்திருந்தது என்று எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. தன் நெற்றியை விரலால் தொட்டு, "பிந்தியா?" என்றார்.

"ஆமாம் சார். நாங்கள் பொட்டு என்போம்."

"பொட்டு" என்று சொல்லிப் பார்த்தார். "ஏக் பொட்டு. தோ பொட்டு."

"ஒரு பொட்டு, ரெண்டு பொட்டு, சார்."

"ரெண்டு பொட்டு" என்றார், மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு பேசுகிறவர் மாதிரி. பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, இப்போது உன்னிடம் இரண்டும் இருக்கிறது. என்ன செய்வதாக உத்தேசம்?" என்று கேட்டார்.

என் யோசனையைச் சொன்னேன். கம்பத்தில் இரண்டு கயிறு. பள்ளிக்கூடத்தில் கொடியேற்றத்துக்குப் பூ வைத்துக் கட்டுவார்களே, அதுபோல இரண்டு கொடிகளையும் தனித்தனியே பொட்டலமாகச் சுருட்டி உச்சியில் ஏற்றி வைத்துவிடுவது. சுண்டினால் விரிந்துவிடும். பெட்டியின் கதவு திறந்ததும் நான் தொலைநோக்கியில் அவர் தோள்பட்டையைப் பார்ப்பேன். எந்த அட்மிரல் என்று தோள்பட்டைச் சின்னமே சொல்லிவிடும். அதற்குத் தகுந்த கயிற்றை இழுப்பேன். லெப்டினன்ட் கயிறு இரண்டையும் இழுத்துப் பார்த்தார். "தப்பாகப் போனால் நான் காப்பாற்ற முடியாது" என்றார். "தெரியும் சார்" என்றேன்.

ரயில் வந்தது. ஊரே ஸ்டேஷனில் இருந்தது. பாக்கியமும் பெண்களோடு வேலியோரம் நின்றாள். சேரவந்த பையன்களை வரிசையாக நிறுத்தியிருந்தோம். பிளாட்பாரத்தில் லெப்டினன்ட் விறைப்பாக நின்றார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் கம்பத்தடியில், ஒரு கையில் தொலைநோக்கி, மறு கையில் இரண்டு கயிறு. ஆட்காட்டி விரலில் ஒத்தைப் பொட்டு, நடுவிரலில் ரெட்டைப் பொட்டு. எல்லாம் சரியாகத்தான் யோசித்திருந்தேன். ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். நான் பிறந்த ஊர்ப்பக்கத்து வழக்கத்தையே மறந்துவிட்டேன்.

உடையார்பாளையம் பக்கத்து மிராசுதார் ஒருவர் வரவேற்புக்கு வந்திருந்தார். நல்ல மனுஷர், கை தாராளம். அவருடைய ஆட்கள் தூக்கி வந்த மாலை, கோயில் தேருக்குப் போடுகிற மாலை. சம்பங்கியும் அரளியுமாகத் தொடை மொத்தம். பெட்டிக்கதவு திறந்தது. வெள்ளை உடுப்பில் ஒருவர் வாசலில் வந்து நின்றார். நான் தொலைநோக்கியைக் கண்ணில் வைப்பதற்குள் மிராசுதார் படியிலேயே ஏறி அந்த மாலையைப் போட்டுவிட்டார். மேலே இன்னொன்று. அதற்கும் மேலே இன்னொன்று. தொலைநோக்கியில் எனக்குத் தெரிந்தது ஒரு வெள்ளைத் தொப்பியும் காதுவரைக்கும் பூவும்தான். தோள்பட்டை போன இடம் தெரியவில்லை.

நம்மவராக இருந்தால் போட்ட மாலையை உடனே கழற்றிக் கையில் வாங்கிக்கொள்வார். இவருக்கு அது தெரியாது. மரியாதையாக மூன்றையும் சுமந்துகொண்டு இறங்க ஆரம்பித்தார். ஒரு படி. கயிறு வழுக்கியது, இறுக்கிப் பிடித்தேன். அவருடைய முகத்தை நான் முன்னேபின்னே பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒன்றை இழு என்று மனசு சொன்னது. இழுக்கவில்லை. தெரியாதபோது கை சும்மா இருக்க வேண்டும், அதுதான் நம் தொழிலில் பெரிய கஷ்டம்.

லெப்டினன்ட் சல்யூட் அடித்து நின்ற இடம் கதவுக்கு நேர் எதிரே. மாலை விழுவதற்கு முன்னால் தோள்பட்டையை அவர் பார்த்துவிட்டார். கம்பத்தை நோக்கி இங்கிலீஷில் சொன்னால், எந்தக் கொடி என்றே தெரியாமல் நின்றோம் என்று தலைவருக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் நான் தொலைந்தேன். அணிவகுப்பு மைதானத்தில் கொடுக்கிற அந்தப் பெரிய குரலில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பஞ்சாபி நாக்கால் கத்தினார்.

"ரெண்டு பொட்டு!"

நடுவிரல் தானாக மடங்கியது. கயிற்றைச் சுண்டினேன். தலைவரின் கால் பிளாட்பாரத்தில் படவும் உச்சியில் கொடி விரிந்தது. சிவப்புச் சிலுவை, மேலே ஒரு பொட்டு, கீழே ஒரு பொட்டு. காற்று வேறு நல்ல காற்று. அவர் பூக்களுக்கு மேலே தலையைத் தூக்கிக் கொடியைப் பார்த்து சல்யூட் செய்தார். வந்தவர் பழையவர்தான், ரியர் அட்மிரல். கைமாற்றுவதற்கு முன் கடைசி முறையாகச் சுற்றி வந்திருந்தார். பாக்கியம் மட்டும் அந்தக் கீழ்ப் பொட்டைப் பிரித்திருந்தால் கம்பத்தில் என்ன பறந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

தலைவர் லெப்டினன்ட்டிடம் திரும்பி, "இப்போது சொன்னீர்களே, அது என்ன?" என்று கேட்டார்.

"இந்தப் பக்கத்து வரவேற்பு வார்த்தை, சார்" என்றார் லெப்டினன்ட், கண்ணிமைக்காமல்.

தலைவர் பண்பான மனிதர். மிராசுதார் பக்கம் திரும்பி, கைகூப்பி, "ரெண்டு பொட்டு" என்றார். மிராசுதாருக்கு ஒன்றும் ஓடவில்லை. கை தன் நெற்றிக்குப் போனது, அங்கே ஒரு சந்தனப் பொட்டுதான் இருந்தது. "மன்னிச்சுக்கணுங்க, அவசரத்துல வந்துட்டேங்க" என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அதில் யார் குரல் என்று எனக்குத் தெரியும்.

தலைவர் பையன்களைப் பார்த்தார், இரண்டொருவரிடம் பேசினார். பிறகு கம்பத்தடிக்கே வந்தார். எந்த ஊர் என்று கேட்டார், இதே ஊர்ப்பக்கம்தான் என்றேன். உச்சியில் விரியாமல் இருந்த இன்னொரு பொட்டலத்தை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"இன்னும் கொஞ்ச நாளைக்கு இதுதான் சரி" என்று பறந்துகொண்டிருந்த கொடியைக் காட்டினார். "அடுத்தவருக்கு அது சரியாக இருக்கும். இரண்டையும் தயாராக வைத்திருந்தவன் நல்ல சிக்னல்மேன்." அவ்வளவுதான். ரயில் கிளம்பியதும் கொடியை இறக்கினேன்.

லெப்டினன்ட் கூடாரத்தில் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றிவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்த மனுஷன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "என் உத்தரவை மீறியதற்கு உன் மனைவிக்கு என் சல்யூட்டைச் சொல்" என்றார். என்னைப் பற்றி மேலே நல்ல வார்த்தை சொன்னவரும் அவர்தான். என்மேலிருந்த அந்தக் கண் விலகியது. பிற்பாடு யோமனும் ஆனேன். அந்த முகாமிலிருந்து கடலுக்குப் போன பிள்ளைகள் சிலர் என்னையும் தாண்டிப் போனார்கள், அதில் எனக்குத் தனிப் பெருமை.

தம்பிகளே, பிரித்துப்போட்டால் திரும்பச் சேர்க்க முடியாததில் அவசரப்பட்டுக் கை வைக்காதீர்கள். உத்தரவே வந்தாலும், இன்னொரு வழி இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய அதிகாரி தப்பாக உத்தரவு போட்டுவிட்டால் அவரை மட்டமாக நினைக்காதீர்கள். பிளாட்பாரத்தில் என்னைக் காப்பாற்றியது அந்த அதிகாரிதான், அதுவும் காலையில் கற்றுக்கொண்ட தமிழில். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மிச்சத்தை நீங்களே பட்டுத் தெரிந்துகொள்வீர்கள்.

பாக்கியம் தைத்த கொடி அன்றைக்கு விரியவே இல்லை. பொட்டலமாகவே இறக்கி அவளிடம் கொடுத்தேன். அடுத்து வந்தவருக்குக் கடற்படையே சரியான கொடி கொடுத்துவிட்டது. அவரும் வெள்ளைக்காரர். அவருக்குப் பிறகும் வெள்ளைக்காரர். நாடு குடியரசானது, பதவிக்கு மறுபடியும் பெயர் மாறி 'சீஃப் ஆஃப் தி நேவல் ஸ்டாஃப்' என்று ஆயிற்று. நாற்காலியில் மட்டும் நம்மவர் வரவில்லை. ஒவ்வொரு தடவை லீவில் வரும்போதும் அவள் கேட்பாள், "நம்மாளு வந்துட்டாரா?" நான் இல்லை என்பேன். அவள் சாப்பாடு எடுத்து வைப்பாள்.

அப்படி ஒரு லீவில், அரியலூர் கடைத்தெருவில் ரேடியோ போட்டிருந்த டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். செய்தி வாசித்தார்கள். இந்தியக் கடற்படைக்கு முதல்முறையாக ஒரு இந்தியர் தலைமை ஏற்றுக்கொண்டார். டீயை அப்படியே வைத்துவிட்டு நடந்தேன். நடையா அது, ஓட்டம். வழியெல்லாம் அவளிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டே போனேன்.

தேட வேண்டியே இருக்கவில்லை. பக்கத்து வீட்டு ரேடியோ எனக்கு முந்திவிட்டது. முற்றத்தில் துணி காயப்போடும் கொடியில், புடவைகளை எல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, நடுவில் அதை மாட்டியிருந்தாள். என் வேட்டி, அவள் பாவாடை. வெள்ளை கொஞ்சம் மங்கியிருந்தது. சிவப்பு அப்படியே இருந்தது.

பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன பாக்கியம், இது என்ன துணி?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க ஆபீசரு வந்துட்டாருங்க" என்றாள் பாக்கியம்.

செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நின்று சல்யூட் அடித்தேன். அடித்த பிறகுதான் தொழில் புத்தி எட்டிப் பார்த்தது. வந்திருப்பவர் வைஸ் அட்மிரல். எண்ணிப் பார்த்தேன். ஒத்தைப் பொட்டு. சரியாகத்தான் தைத்திருந்தாள்.